புதுப்பிப்பு: வீடியோ நின்று நின்று ஓடிய பிரச்சினை தீர்ந்தது

உப்புவெளி வீட்டில் இரவானால் டிவியில் வீடியோ நின்று நின்று ஓடுகிறது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. வழி சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

'முதல்ல லேன் கேபிள் போட்டுப் பாருங்கோ' என்று ஒரு அண்ணா சொன்னதுதான் கைகொடுத்தது. மடிக்கணினியை ரவுட்டரில் நேரே கேபிளால் இணைத்து, வழக்கமாகத் தடுமாறும் எட்டு மணிக்கே அதே படத்தை ஓடவிட்டேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வேகமும் 20 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல்; நெட்ஃபிளிக்ஸ் 1080பி (முழு எச்டி) தரத்துக்குக் கேட்பது 5 தான். ஆக, வெளியிலிருந்து வரும் லைனில் குறையில்லை, வைஃபையில்தான் கோளாறு.

போனில் சுற்றியுள்ள வைஃபைகளைக் காட்டும் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தால், 2.4 கிகாஹேர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையில் அக்கம்பக்கத்து வீடுகள், பக்கத்து விருந்தினர் விடுதி எல்லாம் சேனல் 6இல் (சேனல் என்பது அலைவரிசைக்குள் இருக்கும் ஒரு பாதை மாதிரி) நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். இரவில் எல்லாரும் வீட்டில் இருக்கும்போது எப்படித் தாங்கும்? டிவியை ரவுட்டரின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றினேன். அதற்குச் சுவரைத் தாண்டும் வலு குறைவு. அதனால் இரும்பு அலுமாரிக்குப் பின்னால் இருந்த ரவுட்டரை எடுத்து ஹோலில் உயரமாக வைத்தேன். பழைய போன்கள் 2.4இலேயே, ஆனால் சேனல் 11இல்.

அப்புறம், கூடுதல் காசுக்குப் பெரிய பேக்கேஜ் எடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து இந்தக் கேபிள் சோதனையை முதலில் செய்யுங்கள். கேபிளிலும் வீடியோ நின்று நின்று ஓடினால், நேரத்தையும் வேகத்தையும் குறித்து வைத்துக்கொண்டு இணைப்புத் தந்தவர்களுக்கு அழையுங்கள்.