மறு: கமிட்டுக்கு ‘ஒப்படைப்பு’ வேண்டாம், ‘பதிவு’ போதும்

அனைவருக்கும் வணக்கம்.

கிட்டுக்காக (கோப்புகளில் செய்யும் மாற்றங்களை வரலாறாகச் சேமித்துவைக்கும் மென்பொருள்) நாம் தயாரிக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் கமிட்டுக்கு, அதாவது செய்த மாற்றங்களை அந்த வரலாற்றில் ஏற்றும் செயலுக்கு, நேராக ‘ஒப்படைப்பு’ என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இருபது வருடம் பிந்தி வந்திருக்கிறது. கிட்டுக்கு முந்தைய இதே வகைக் கருவிகளான சிவிஎஸ், சப்வெர்ஷன் காலத்தில் கமிட் செய்த மாற்றம் நேராக நடுவில் இருக்கும் சர்வருக்குப் போய்விடும். அதை ஒப்படைப்பு என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதிய பிறகு கதை வேறு. (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் வேலைக்கு இலவசமாகக் கிடைத்துவந்த பிட்கீப்பர் என்ற இதே வகைக் கருவி இனிமேல் கிடைக்காது என்று ஆனதும் அவசரத்தில் எழுதியது அது.) கிட்டில் கமிட் செய்தது உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. இணையமே இல்லாமல் ரயிலில் உட்கார்ந்துகொண்டு எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டே போகலாம், புஷ் செய்தால்தான், அதாவது கிட்ஹப் போன்ற தளத்தின் சர்வருக்குத் தள்ளினால்தான், வெளியில் தெரியும். “கமிட் பண்ணிட்டேன், கிட்ஹப்பில் ஏன் வரலை?” என்று புதிதாகக் கற்பவர்கள் கேட்பது வழக்கம். ‘ஒப்படை’ என்று சொல்லிக்கொடுத்தால் அந்தக் கேள்வி நியாயமானதாகவே ஆகிவிடும். ஒப்படைத்தாயிற்று என்றால் வாங்கிக்கொண்டவர் ஒருவர் இருக்க வேண்டுமே.

‘உறுதிசெய்’ என்பதும் வேண்டாம். அந்தச் சொல் ஏற்கெனவே கன்ஃபர்முக்குப் போய்விட்டது.

என் பரிந்துரை வெறும் ‘பதிவு’. பதிவு போடு, பதிவு போட்டாச்சா, நேற்றைய பதிவில் என்ன மாற்றினாய் என்று பேச்சிலும் தடங்கலில்லாமல் வரும்.

> பதிவு என்றால் வலைப்பதிவு, பத்திரப்பதிவு என்று குழம்பாதா?

குழம்பாது என்றுதான் நினைக்கிறேன். நான் எடுத்தது கணக்கெழுதுகிறவர்களின் பதிவை. அவர்கள் ஒரு பதிவு போட்டால் தேதி இருக்கும், யார் எழுதியது என்று இருக்கும், எதற்காக என்று கீழே ஒரு வரி விளக்கம் இருக்கும். கிட்டின் கமிட்டிலும் எழுதியவர் பெயர், நேரம், செய்தி, அதற்கு முந்தைய கமிட் எது என்ற விவரம் எல்லாம் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் ஒவ்வொரு கமிட்டுக்கும் உள்ள அந்த நாற்பது எழுத்து அடையாளமே உருவாகிறது. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் மாறிவிடும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கணக்கில் தப்பாக எழுதியதை அடித்து அழிக்க மாட்டார்கள், அதை நேர்செய்ய இன்னொரு பதிவு போடுவார்கள். ரிவர்ட் செய்வது அச்சுஅசல் இதே வேலை: பழைய கமிட் அப்படியே இருக்கும், அதன் விளைவை ரத்து செய்யும் புதுக் கமிட் ஒன்று மேலே வரும். எனவே ரிவர்ட் = எதிர்ப்பதிவு. பட்டியலில் ரிவர்ட், ரீசெட், ரீஸ்டோர் மூன்றுக்கும் ‘மீளமை’ என்றே போட்டிருக்கிறோம், இது ஆபத்து. ரீசெட் கிளையின் (தனியாக வளரும் கமிட்டுகளின் தொடர்) முனையையே பின்னால் நகர்த்திவிடும். அடுத்தவர்களும் எடுத்துக்கொண்டுபோன கிளையில் ஒரு புதியவர் எதிர்ப்பதிவு போட வேண்டிய இடத்தில் ரீசெட் செய்து, வலுக்கட்டாயமாகப் புஷ்ஷும் செய்துவிட்டால், குழுவே உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். ரீசெட்டுக்கு ‘பின்னகர்த்து’, ரீஸ்டோருக்கு ‘மீட்டெடு’ என்று பிரித்துவிடலாம். ஆங்கிலச் சொற்களில் கை வைக்கக் கூடாது என்பவர்களுக்கு ஒன்று: செக்கவுட் என்ற ஒரே கட்டளை கிளை மாறவும் கோப்பை மீட்கவும் பயன்பட்டு எல்லோரையும் குழப்புகிறது என்று கிட்காரர்களே 2019இல் ஸ்விட்ச், ரீஸ்டோர் என்று இரண்டு புதுக் கட்டளைகள் கொண்டுவந்தார்கள்.

அடுத்து ஆட், அடுத்த கமிட்டில் போக வேண்டிய மாற்றங்களைக் குறித்துவைக்கும் கட்டளை. ‘சேர்’ என்று வைத்தால், புதுக் கோப்புக்கு மட்டும்தான் இது தேவை, ஒரு தடவை சேர்த்தால் போதும் என்று தோன்றும். அப்படி இல்லை. ஒரு கோப்பைத் திருத்துகிறீர்கள், ஆட் கொடுக்கிறீர்கள், அப்புறம் ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டு அதையும் திருத்திச் சேமிக்கிறீர்கள். இப்போது ஸ்டேட்டஸ் பார்த்தால் அதே கோப்பின் பெயர் மேலே பச்சையிலும் (ஆட் செய்தது) கீழே சிவப்பிலும் (இன்னும் செய்யாதது) இரண்டு தரம் நிற்கும். கமிட் செய்தால் முதல் திருத்தம் மட்டும் போகும், எழுத்துப்பிழை பழையபடி உள்ளேயே இருக்கும். ‘எடுத்துவை’ என்றால் இது தானாக விளங்கிவிடும், எடுத்துவைத்தது எடுத்துவைத்த நேரத்தில் எப்படி இருந்ததோ அதுதான் போகும். இப்படி எடுத்துவைப்பதைக் குறிக்கும் ஸ்டேஜிங்குக்கு ‘மேடையேற்றம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அவர் விளையாட்டுக்குச் சொன்னார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றங்களை உங்களுடையதில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது) பற்றி நிறையப் பேசிவிட்டோம், ஆனாலும் ‘இழு கோரிக்கை’ இன்னும் பட்டியலில் இருக்கிறது. நான் தள்ளுகிறேன், பிறகு எதற்கு இழு என்று புதியவர்கள் திகைப்பதற்குக் காரணம், அந்தப் பெயர் வாங்குகிறவர் பக்கமிருந்து வைக்கப்பட்டது. கெர்னல் வேலையில், என் களஞ்சியத்தில் (ரிப்பாசிட்டரி, கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் இடம்) இன்னின்ன மாற்றங்கள் இருக்கின்றன, இழுத்துக்கொள்ளுங்கள் என்று மடல் அனுப்புவார்கள், அந்த மடலைத் தயாரிக்கவே ரிக்வெஸ்ட்-புல் என்று ஒரு கட்டளை கிட்டில் இருக்கிறது. கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேப் இதையே மெர்ஜ் ரிக்வெஸ்ட் என்கிறது, நடப்பதும் அதுதான். அதைப் பின்பற்றலாம். ஆனால் ‘இணைப்பு’ லிங்குக்கும் அட்டாச்மென்ட்டுக்கும் போய்விட்டது, ‘சேர்க்கை விண்ணப்பம்’ என்றால் கல்லூரி ஞாபகம் வருகிறது. ‘ஒன்றிணைப்பு வேண்டுகோள்’ கொஞ்சம் நீளம்தான், இருந்தாலும் இதைவிட நல்லது கிடைக்கும்வரை இருக்கட்டும். கோரிக்கை என்றால் கொடி பிடித்து வந்த மாதிரி இருக்கிறது.

மற்றவற்றில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. களஞ்சியம், கிளை இரண்டும் ஊன்றிவிட்டன. களஞ்சியத்தை நகலெடுக்கும் குளோனுக்கு ‘முழுப்படி’ என்று வைத்தால் வரலாறு மொத்தமும் சேர்ந்து வருகிறது என்பது தெரியும், ஜிப் கோப்பை இறக்கிவைத்துக்கொண்டு லாக் (பழைய பதிவுகளின் பட்டியல்) ஏன் வரவில்லை என்று யாரும் தேட மாட்டார்கள். இரண்டு வடிவங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் காட்டும் டிஃப்புக்கு ‘பாடவேறுபாடு’. சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் அடிக்குறிப்பில் இதைத்தானே கொடுத்தார்கள்.

கான்ஃபிளிக்டுக்கு ‘முரண்’ போதும், ஆனால் விளக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: யாரும் தப்பு செய்யவில்லை, ஒரே இடத்தில் இரண்டு பேர் கை பட்டிருக்கிறது, எது இருக்க வேண்டும் என்று கிட் உங்களைக் கேட்கிறது. கோப்பைத் திறந்தால் ஏழு இடக்கோணக் குறிகளுக்கு (<) கீழே உங்கள் வரி, ஏழு சமக்குறிகளுக்குக் கீழே அடுத்தவர் வரி. வேண்டியதை வைத்துக்கொண்டு, அந்தக் குறிகளையும் அழித்துவிட்டுப் பதிவு போட வேண்டும். குறிகளை அழிக்க மறந்து அப்படியே அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு.

ஒரு கிளையின் கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மாற்றிவைக்கும் ரீபேஸுக்கு என்னிடம் சொல் இல்லை. ‘அடிமாற்று’ என்று யோசித்தேன், ஆனால் அதில் கமிட்டுகள் இடம் மட்டும் மாறுவதில்லை, ஒவ்வொன்றும் புது அடையாளத்தோடு திரும்ப எழுதப்படுகிறது, அது அந்தச் சொல்லில் வரவில்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். ‘மறுதளம்’ மட்டும் வேண்டாம்.