ஞாயிறு இரவு மட்டும் முதல் சர்வர் செத்து எழுகிறது, காலையில் தடயமே இல்லை

இரவுப்பணி_72:
மருத்துவமனை ஆய்வகம் ஒன்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு நோடு (சர்வர்); ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும்படி பேஸ்மேக்கர் என்ற மென்பொருள் நடத்தும் கிளஸ்டர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் மிதக்கும் ஐபி முகவரியும் (குழு ஓடும் நோடுக்குத் தாவும் முகவரி) இரு நோடும் எட்டும் பொது வட்டும் ஒரே குழுவாக முதல் நோடில் ஓடுகின்றன. மூன்று வாரமாக ஞாயிறு பின்னிரவு 2:20 வாக்கில் முதல் நோடு ரீபூட் ஆகிறது, குழு இரண்டாவதற்குத் தாவுகிறது. திங்கள் காலையில் நான் பழையபடி முதலாவதுக்கு நகர்த்திவைக்கிறேன்.

மெமரியை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன். பயனில்லை. காலையில் பார்த்தால் எல்லாம் பச்சை. தோல்வி எண்ணிக்கை சுழியம். முதல் நோடின் ஜர்னல் (சிஸ்டம் லாக்) ரீபூட்டுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. நோடுகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் கோரோசிங்க் லாகில் உறுப்பினர் போனார், வந்தார் என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. எங்கே தேடுவது?

பழைய_கம்பி:
இறந்தவரிடம் வாக்குமூலம் கேட்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

தோல்வி எண்ணிக்கையை பேஸ்மேக்கர் நிரந்தரமாக எழுதிவைப்பதில்லை. நோடு ரீபூட் ஆனால் அதோடு போய்விடும். அதனால்தான் சுழியம். ஜர்னலும் அப்படியே: வார்-லாக் அடைவின் கீழ் ஜர்னல் என்ற அடைவு இல்லையென்றால், பல சிஸ்டம்களின் இயல்பு அமைப்பில் அது நினைவகத்தில்தான் இருக்கும். இன்றே அந்த அடைவை உருவாக்கிவிடுங்கள்.

இனி, கோரோசிங்க் லாகை விடுங்கள். 2018இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து பேஸ்மேக்கர் தனக்கென்று தனி அடைவில் லாக் எழுதுகிறது. இரண்டாவது நோடில் அதைத் திறந்து, 'ஃபென்ஸ்' (கோளாறான நோடை வலுக்கட்டாயமாக நிறுத்துவது) என்ற சொல்லைத் தேடி, அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். அந்த நேரம் டிசி பொறுப்பு (கிளஸ்டருக்காக முடிவெடுக்கும் வேலை) இரண்டாவதிடம் இருந்திருந்தால், 'பிஇ-வார்ன்' என்று தொடங்கும் சுருக்கக் கோப்பும் அந்த நோடிலேயே கிடக்கும். கிளஸ்டர் அந்தக் கணத்தில் என்ன பார்த்தது, ஏன் அப்படி முடிவெடுத்தது என்பதன் நிழற்படம் அது. சிஆர்எம் சிமுலேட் என்ற கருவியிடம் கொடுத்தால் திரும்ப ஓட்டிக் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரை அது தொடாது, பயப்பட வேண்டாம்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன். ஏன் எப்போதும் முதல் நோடே சாகிறது? ஒவ்வொரு திங்களும் தரவுத்தளத்தை நீங்களே அங்கே கொண்டுபோய் வைக்கிறீர்கள். ஒரு வாரம் நகர்த்தாமல் விட்டுப்பாருங்கள், இரண்டாவது சாகும். மெமரிக்குச் செலவழித்த காசு போனது போனதுதான்.

சுலபவழி:
ஸ்டோனித்தை, அதாவது அந்த ஃபென்ஸ் வசதியை, அணைத்துவிடுங்கள் நண்பரே. நாங்கள் இரண்டு ஆண்டாக அப்படித்தான் ஓட்டுகிறோம், ரீபூட்டே கிடையாது.

பழைய_கம்பி:
தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். அவரிடம் இருப்பது பொது வட்டு. முதல் நோடு உண்மையில் நின்றதா என்று உறுதி செய்யாமல் இரண்டாவது அதே எக்ஸ்எஃப்எஸ் (ஒரு நேரத்தில் ஒரு நோடு மட்டுமே ஏற்றத்தக்க கோப்பமைப்பு) வட்டை ஏற்றினால், இரண்டும் ஒரே நேரத்தில் எழுதும். பிறகு நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை எங்கிருந்து எடுப்பார்? ரீபூட் வலிக்கிறது, ஆனால் அது நோயைச் சொல்கிறது.

இரவுப்பணி_72:
கிடைத்தது! இரண்டாவது நோடின் லாகில் வரிசையாக இருக்கிறது. 2:17க்கு போஸ்ட்கிரெஸ் கண்காணிப்பு 20 விநாடியில் பதில் தராமல் டைம்அவுட். உடனே நிறுத்தி மீண்டும் தொடங்க கிளஸ்டர் முயல்கிறது. நிறுத்தும் பணிக்கு நான் கொடுத்திருந்தது 60 விநாடி, அதுவும் போதவில்லை. நிறுத்த முடியாததால் ஐபிஎம்ஐ (சர்வரின் மின்சாரத்தைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் வசதி) வழியாக முதல் நோடைச் சுட்டுவிட்டது.

ஞாயிறு 2 மணிக்குத்தான் வாராந்தர முழு பேக்கப். அது எழுதும் இடமும் தரவுத்தளம் இருக்கும் வட்டுத்தொகுதியும் ஒன்றே. வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த பேக்கப்பை அமைத்தவன் நான்தான்.

பழைய_கம்பி:
நாம் எல்லோரும் அமைத்திருக்கிறோம். நிறுத்தும் நேரத்தைக் கவனியுங்கள்: வேக முறையில் (இணைப்புகளைத் துண்டித்து) நிறுத்தினாலும் போஸ்ட்கிரெஸ் செக்பாயின்ட் எழுதிவிட்டுத்தான் (நினைவகத்தில் மிச்சமுள்ள மாற்றங்களை வட்டில் சேர்த்துவிட்டுத்தான்) போகும், வட்டு திணறும்போது அதற்கு நேரமாகும். உங்கள் ஏஜென்டில் (கிளஸ்டருக்காகத் தரவுத்தளத்தைத் தொடங்கி நிறுத்தும் ஸ்கிரிப்டில்) ஸ்டாப்-எஸ்கலேட் எவ்வளவு?

இரவுப்பணி_72:
90.

பழைய_கம்பி:
பாருங்கள்! வேக முறை பலிக்காவிட்டால் 90 விநாடிக்குப் பிறகு உடனடி முறைக்கு (செக்பாயின்ட் எழுதாமல் நிறுத்துவது) மாறும்படி ஏஜென்டிடம் சொல்லியிருக்கிறீர்கள். கிளஸ்டரோ 60ஆவது விநாடியிலேயே கழுத்தைப் பிடிக்கிறது. அந்த இரண்டாம் வாய்ப்பு ஒருநாளும் வந்திருக்காது. நிறுத்தும் டைம்அவுட்டை 180 ஆக்குங்கள், கண்காணிப்புக்கு 60 கொடுங்கள்.

ஆய்வகத்தோழி:
ஒரு சேர்க்கை. 1.1.15 பதிப்பிலிருந்தே பேஸ்மேக்கரில் அலர்ட் வசதி உண்டு. கண்காணிப்பு தோற்ற அந்தக் கணமே மின்னஞ்சல் வரும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைத்தால், நோடு விழுந்தது என்ற செய்திக்கு முன்னாலேயே காரணம் கையில் இருக்கும். இன்னொன்று, எங்கள் இடத்தில் நேர்மாறாக நடந்தது. தரவுத்தளம் பச்சை, ஆனால் அதன்மேல் ஓடும் பயன்பாடு உறைந்து கிடந்தது. அதைக் கிளஸ்டரிடம் யாரும் ஒப்படைக்கவே இல்லை. உங்கள் குழுவில் அது இருக்கிறதா என்று பாருங்கள் அண்ணா.

இரவுப்பணி_72:
இல்லை, குழுவில் தரவுத்தளத்தோடு நின்றுவிட்டேன். அதை இந்த வாரம் சேர்க்கிறேன்.

மாற்றிய பிறகு இரண்டு ஞாயிறு கடந்துவிட்டன, ரீபூட் இல்லை. ஆனால் 2 மணிக்கு வட்டு திணறுவது அப்படியே இருக்கிறது. பேக்கப்புக்குத் தனி வட்டு கேட்டுக் கோப்பு அனுப்பியிருக்கிறேன். போன மாதம் மெமரி வாங்கிய பில்லைக் காட்டி, அது எதற்கு என்று கேட்கிறார்கள்.