யூசர் ஸ்டோரி எப்படிப் பிரிக்கிறீங்க? கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. சுங்கை சிப்புட்ல வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். செம்பனைத் தோட்டத்துக்கு ஓர் ஆப். யார் எத்தனை குலை வெட்டினாங்கன்னு மண்டோர் (ஆளுங்களை மேய்க்கிற மேற்பார்வையாளர்) போன்ல பதியணும். நான் எழுதின யூசர் ஸ்டோரி கார்டு (யாருக்கு, என்ன வேணும், எதுக்குன்னு ஒரே வரியில) இதுதான்: "மண்டோராகிய நான் குலைக் கணக்கைப் போன்ல பதியணும், ஆளுங்க சம்பளம் தப்பாம வர்றதுக்காக." ரெண்டு வார ஸ்பிரிண்ட்ல, அதாவது ஒரு சுற்று வேலையில, முடிச்சாச்சு. காட்டுக்குள்ள போனா லைன் இல்ல, திரையில வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. மண்டோர் ஒண்ணும் பேசல. சட்டைப் பையிலிருந்து பழைய நோட்டை எடுத்துட்டார்!

ஸ்டோரின்னா கார்டு, பேச்சு, உறுதிப்படுத்தல் மூணும் சேர்ந்ததுன்னு மென்பொருள் வல்லுநர் ரோன் ஜெஃப்ரிஸ் 2001லயே சொன்னாரு. நான் கார்டோட நின்னுட்டேன். இப்போ ஏற்பு நிபந்தனை (வேலை சரியா முடிஞ்சுதான்னு சோதிக்கிற விதி) இப்படி எழுதியிருக்கேன்: "லைன் இல்லாத இடத்துல பதிஞ்சா போன்லயே இருக்கணும், லைன் வந்ததும் ஒரே தடவை மட்டும் ஏறணும்." இது போதுமா?

பழுத்த குலை, காய்க் குலை, உதிர்ந்த பழம் மூணும் ஒரே ஸ்டோரியா வச்சா ஸ்பிரிண்ட்ல அடங்காது. பிரிச்சா ஒவ்வொண்ணும் தனியா பயன்படணும்னு நல்ல ஸ்டோரிக்கான 'இன்வெஸ்ட்' (INVEST) பட்டியல் சொல்லுது. காய்க் குலையை மட்டும் பதிய எந்த மண்டோர் போனை எடுப்பார்?

இந்த மாதிரி ஆப் செஞ்சவங்க உங்க கார்டு ஒண்ணைக் காட்டுங்களேன். திங்கட்கிழமை காலையில பிளானிங்.