புதுப்பிப்பு: தெருவில் இசை வாசிக்க உரிமம் மட்டும் பார்த்தால் போதாது

இங்கிலாந்தில் தெருவில் இசை வாசிக்க உரிமம் வேண்டுமா என்ற முந்தைய இழையில், ‘ஊருக்கு ஊர் மாறும், உள்ளாட்சிக் கவுன்சில் தளத்தைப் பாருங்கள்’ என்று முடித்திருந்தேன். அது பாதிப் பதில்தான். உரிமமே கேட்காத ஊரிலும் பிஎஸ்பிஓ, அதாவது பொது இடப் பாதுகாப்பு ஆணை, ஆம்ப்ளிஃபயரைத் தடுக்கலாம்.

2014 சமூகவிரோத நடத்தைச் சட்டப்படி கவுன்சில் போடும் இந்த ஆணை ஒரு தடவைக்கு அதிகபட்சம் 3 ஆண்டு; பிறகு நீட்டிக்கலாம். ஆணையின் வாசகத்தோடு, அதில் இணைத்திருக்கும் எல்லை வரைபடத்தையும் திறந்து பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: தெருவின் ஒரு பக்க நடைபாதை எல்லைக்குள், எதிர்ப்பக்கம் வெளியே என்றுகூட இருக்கும். எதிர்க்க நினைத்தால் ஆணை போட்ட நாளிலிருந்து 6 வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அங்கே வசிப்பவரோ வழக்கமாக வேலை செய்பவரோ வந்துபோகிறவரோ போகலாம். செலவு கையைக் கடிக்கும். ஆணையின் வரைவுக்குக் கவுன்சில் கருத்துக் கேட்கும்போதே எழுதிப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

குறுந்தகடு விற்பது தனி விவகாரம். விலை எழுதி வைத்தால் தெரு வியாபார அனுமதி கேட்கலாம்.

ஒலி பற்றியும் ஒரு குறிப்பு. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும். இருபுறமும் சுவர் உள்ள சந்தில் அவ்வளவு குறையாது. மாடி அலுவலகத்துக்குள் முதலில் நுழைவது பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி. வால்யூமைத் தொடும் முன் ஆம்ப்ளிஃபயரின் பேஸ் குமிழைக் குறையுங்கள்.