திருத்திய பிறகும் 45 வந்த கதை

ஃபோர்த் என்ற நிரல்மொழியைப் பழக ஆரம்பித்த இரண்டாவது வாரம். அதை ஓட்டும் ஜிஃபோர்த் மென்பொருளில் சொல்லுக்கு (நாமே எழுதும் கட்டளைக்கு) தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்று தெரிந்ததும் ஒரே உற்சாகம். இப்படி அடித்தேன்:

: இரட்டை 3 * ;
: நான்மடங்கு இரட்டை இரட்டை ;

5 நான்மடங்கு என்றால் 20 வர வேண்டும், 45 வந்தது. முதல் வரியில் 2க்குப் பதில் 3 போட்டிருக்கிறேன். சரி என்று இரட்டையை மட்டும் திருத்தி எழுதினேன். அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று எச்சரிக்கை வந்தது, கண்டுகொள்ளவில்லை. 5 இரட்டை சரியாக 10. நான்மடங்கு? அதே 45. ‘சீ’ என்ற சொல்லால் பிரித்துப் பார்த்தால், இரட்டை இரட்டை என்றே காட்டுகிறது! அரை நாள் போயிற்று.

பைத்தான் பழக்கத்தில், ஓடும்போது பெயரைத் தேடும் என்று நினைத்ததுதான் தப்பு. முக்காற்புள்ளி (:) வந்ததுமே ஃபோர்த் அடுத்த பெயரை அகராதியில், அதாவது தன் சொற்பட்டியலில், பதிந்துவிட்டுத் தொகுக்கும் (கம்பைல் செய்யும்) நிலைக்குப் போகிறது. பிறகு வரும் ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் கடைசியிலிருந்து பின்னோக்கித் தேடி, கிடைத்ததன் முகவரியை எழுதி வைக்கிறது. அகப்படவில்லை என்றால்தான் எண்ணா என்று பார்க்கும். பழைய இரட்டை அழியவே இல்லை. நான்மடங்கு அதன் முகவரியையே பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது வரியையும் மறுபடி அடித்தேன், 20 வந்தது.

* * *

எனக்கு அடுத்த அடி விழுந்தது சொல்லை முடிக்கும் அரைப்புள்ளியில் (;). அதை மறந்துவிட்டு எதை அடித்தாலும் விடை இல்லை. ‘ஓகே’ வர வேண்டிய இடத்தில் ‘கம்பைல்டு’ என்றே வந்தது. அடித்ததெல்லாம் முடியாத சொல்லுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அப்புறம்தான் யோசித்தேன்: அரைப்புள்ளி மட்டும் ஏன் உள்ளே போகாமல் வேலை செய்கிறது? அதற்கு ‘இம்மீடியட்’ குறி இருக்கிறது, தொகுக்கும்போதே ஓடும். நிபந்தனை வைக்கும் ‘இஃப்’ கூட அப்படித்தான். தாவும் கட்டளையை எழுதி, போக வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, அந்தக் குழியின் முகவரியை அடுக்கில் (ஸ்டாக்கில்) வைக்கிறது. நிபந்தனைப் பகுதியை முடிக்கப் பின்னால் வரும் ‘தென்’ அந்த முகவரியை எடுத்துக் குழியை நிரப்புகிறது. மற்ற மொழிகளில் கம்பைலருக்குள் புதைந்து கிடக்கும் வேலை இது. 1970களின் தொடக்கத்தில் ஃபோர்த்தை உருவாக்கிய சார்லஸ் மூர், அமெரிக்காவின் கிட் பீக் ரேடியோ தொலைநோக்கியைச் சிறு கணினியில் இந்த மொழியைக் கொண்டுதான் ஓட்டினார்.

நான் உடனே, இம்மீடியட் சொல்லை அப்போதே ஓடவிடாமல் தொகுக்க வைக்கும் ‘போஸ்ட்போன்’ வைத்து இஃபை ‘எனில்’ என்ற சொல்லாக்கி, இம்மீடியட் குறியும் போட்டேன். ஃபோர்த்தில் நிபந்தனை முன்னால் வருமே, தமிழுக்கு அப்படியே பொருந்தியது.