எழினி என்ற பெயர்: பொருளும் பாட்டு எண்ணும் அவசரமாகத் தேவை

சேலத்தான்:
அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பெயர்சூட்டு விழா. எழினி என்று முடிவு செய்து அழைப்பிதழையும் அச்சுக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் இந்தப் பெயர் கூடாது என்று ஒரே பிடியாக நிற்கிறார். சங்க இலக்கியத்தில் இது எங்கெங்கே வருகிறது, இதற்கு என்ன பொருள், இன்று எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது என்று யாரேனும் எழுதினால் சனிக்கிழமைக்குள் அவரிடம் காட்டிவிடுவேன்.

நுங்குவண்டி:
முதலில் வாழ்த்துகள். குழந்தை ஆணா பெண்ணா என்பதை எழுத மறந்துவிட்டீர்களே. பெரியவர் எதற்காக மறுக்கிறார் என்பதையும் சொன்னால்தான் எந்தப் பாட்டைக் காட்டுவது என்று எங்களுக்குத் தெரியும்.

மூன்றாம்பிறை:
பெண் குழந்தை என்றே நினைக்கிறேன். என் மகளுக்கும் எழினி என்றுதான் பெயர், ஒன்பது வயதாகிறது. எழிலும் இனிமையும் சேர்ந்தது எழினி என்று என் அம்மா தேர்ந்தெடுத்தார். பள்ளியில் யாழினி என்றே பலரும் தவறாக அழைக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு எந்தத் தொல்லையும் இல்லை. தயங்காமல் வையுங்கள்.

எழுத்தாணி:
ஓர் இழையைத் தொடங்குவதற்கு முன் அகராதியைப் புரட்டும் வழக்கம் இந்த மன்றத்தில் அற்றுப்போய்விட்டது. எழினி என்றால் திரைச்சீலை, அவ்வளவுதான். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் 'ஒருமுக எழினியும் பொருமுக எழினியும் கரந்துவரல் எழினியும்' என்று மாதவி ஆடிய அரங்கின் மூன்று வகைத் திரைகள் சொல்லப்படுகின்றன. எழில், இனிமை என்பதெல்லாம் பெயர்ப் பட்டியல் விற்பவர்கள் ஒட்டிய வால். குழந்தைக்குத் திரைச்சீலை என்று பெயர் வைக்க வேண்டாம் என்று அந்தப் பெரியவர் சொல்லியிருந்தால் அவரே உங்கள் வீட்டில் படித்தவர்.

தருமபுரியான்:
எழுத்தாணி ஐயா அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிட்டார் போலும். எங்கள் ஊர் பழைய தகடூர். அதை ஆண்ட அதியர் குடியின் ஆண்பெயர் எழினி. குறுந்தொகை 80-ஆம் பாட்டில் 'பல்வேல் எழினி முனையான் பெருநிரை போல' என்று ஔவையார் உவமை சொல்கிறார். பசுக்கூட்டத்தைக் காப்பதுபோல உன் கணவன் மார்பைச் சுற்றத்தோடு காத்துக்கொள் என்று பரத்தை தலைவியைச் சீண்டும் பாட்டு அது. புறநானூறு 158-இல் பெருஞ்சித்திரனார் வள்ளல்கள் எழுவரை வரிசையாகச் சொல்லும்போது பாரி, ஓரி, மலையன் ஆகியோரை அடுத்து 'ஊராது ஏந்திய குதிரைக் கூர்வேல் கூவிளங் கண்ணிக் கொடும்பூண் எழினி' வருகிறான். யாரும் ஏறிச் செலுத்த முடியாத குதிரை எது என்றால் குதிரைமலை! இப்படி மலைப்பெயரை விடுகதையாக்கிய அடியை நான் பள்ளியில் படித்தபோதே வியந்திருக்கிறேன்.

மூன்றாம்பிறை:
அப்படியானால் என் மகளுக்கு ஆண்பெயரை வைத்துவிட்டோமா? நந்தினி, யாழினி என்று எல்லாமே பெண்பெயர்களாக இருக்கும்போது இது மட்டும் எப்படி ஆண்பெயர் ஆகும்?

பழையசோறு:
அம்மா, நீங்கள் செய்தது தவறன்று. பெயர்கள் பால் மாறுவது பழைய வழக்கம். கோதை என்றால் இன்று ஆண்டாளைத் தவிர யாரும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் புறநானூற்றில் பொய்கையார் பாடிய கோக்கோதை மார்பன் மீசை வைத்த சேரன். இகரத்தில் முடிந்தால் பெண்பெயர் என்பது நம் காலத்துக் காதுக்குப் பழகிய கணக்கு. பாரி, ஓரி, காரி, நள்ளி, அஞ்சி, எவ்வி, கிள்ளி, வழுதி எல்லாரும் ஆண்களே. 'இனி' என்ற ஈற்றைக் கண்டதும் இக்காலத்துச் செவி யாழினியின் தங்கையாக இதைச் சேர்த்துக்கொண்டது. அதனால்தான் இன்று இந்தப் பெயரோடு நமக்குத் தெரியவருபவர்களில் பெரும்பாலோர் சிறுமியராக இருக்கிறார்கள். ஆணுக்கு இது மிக அரிதாகிவிட்டது. எத்தனை பேர் என்று கேட்டவருக்கு: சில நாடுகளில் ஆண்டுதோறும் வெளியிடுவதைப் போன்ற பெயர்க் கணக்கு இங்கே வெளியிடப்படுவதில்லை. எனவே யார் எண் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எழுத்தாணி:
158-இல் வரும் எழினி வேறு யாருமல்லன், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியே. சிறுபாணாற்றுப்படையின் எழுவர் வரிசையில் எழினிக்குப் பதிலாக அதிகன் இருக்கிறான் என்பதைப் பார்த்தாலே போதும். எழினி என்பது குடியின் பொதுப்பெயர். தனி ஆளின் பெயரே அன்று.

தருமபுரியான்:
மன்னிக்க வேண்டும், அதை அவ்வளவு எளிதாக முடித்துவிட இயலாது. அஞ்சியின் மகன் பொகுட்டெழினி என்று புறநானூற்றின் 96, 102, 392 ஆகிய பாட்டுகளின் அடிக்குறிப்புகள் கூறுகின்றன. பொகுட்டு என்பது தாமரையின் நடுவே உள்ள கொட்டை. 392-இல் ஔவையார் மகனைப் பாடும்போது 'அதியர் கோமான் கொடும்பூண் எழினி' என்கிறார். 158-இல் உள்ள அதே 'கொடும்பூண்' இங்கும் வருவதால் வள்ளல் மகனாகவும் இருக்கலாம் அல்லவா? மேலும் 99-இல் அஞ்சி சூடுவது பனம்பூ, 158-இல் எழினி சூடுவது கூவிளம், அதாவது வில்வம்.

எழுத்தாணி:
மாலையை வைத்து ஆளை அடையாளம் காண்பவர் நாளை செருப்பை வைத்தும் காண்பார். ஒரே மன்னன் ஒரே பூவைத்தான் வாழ்நாள் முழுவதும் சூடினான் என்று எந்த உரையாசிரியர் எழுதியிருக்கிறார்?

கல்வெட்டடி:
இருவரும் சற்றே இறங்கி வாருங்கள். போளூருக்கு அருகே உள்ள திருமலையில், பிற்காலச் சோழர் காலத்துச் சமணக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோனாகிய எழினி முன்பு அமைத்த இயக்கர் இயக்கியர் என்னும் சமணக் காவல் தெய்வங்களின் உருவங்களைப் பழுது நீக்கி மீண்டும் வைத்தான் என்பது அதன் செய்தி. 'வஞ்சியர் குலபதி எழினி வகுத்த' என்று தமிழ்ப் பாட்டும், 'அஞ்சிதன் வழி' வந்தவன் என்று அவனுடைய பெருமையும் அதில் உண்டு. ஆகவே சங்க காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் அக்குடியினர் எழினியைத் தங்கள் முன்னோர் ஒருவரின் பெயராகவே நினைவில் வைத்திருந்தார்கள். பொதுப்பெயர் என்ற வாதம் இங்கே ஆட்டம் காண்கிறது. ஆனால் எழுத்தாணி ஐயாவுக்கும் ஓர் ஆறுதல் இருக்கிறது. அதே கல்வெட்டின் வடமொழிப் பகுதி அந்த எழினியை யவனிகா என்று குறிக்கிறது. யவனிகா என்றால் திரைச்சீலை! சுலோகம் எழுதியவர் பெயரைப் பெயராக விடாமல் மொழிபெயர்த்தே விட்டார். திரை என்ற பொருளைக் கேலியாக எண்ணாமல் கல்லில் வெட்டுவித்துப் பெருமைப்பட்ட அரசன் ஒருவன் இருந்தான் என்று உங்கள் பெரியவரிடம் சொல்லலாம்.

நுங்குவண்டி:
எல்லாம் சரி, குழந்தை ஆணா பெண்ணா என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

சேலத்தான்:
தாமதத்திற்கு மன்னிக்கவும், குழந்தைக்குச் சளி. பையன்தான்; அது தெரியும் என்று நினைத்துவிட்டேன். பெரியவர் என் மாமனார், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஆண்பெயர் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. எழினி தகடூர்ப் போரில் செத்தவன், இன்னோர் எழினிக்குப் பல்லைப் பிடுங்கினார்கள், பேரனுக்கு இது வேண்டாம் என்கிறார். பல் கதை உண்மையா?

பழையசோறு:
ஆண்பெயரா பெண்பெயரா என்று இத்தனை நேரம் நாங்கள் மல்லுக்கட்டியதெல்லாம் வீணாயிற்றே, தம்பி.

கல்வெட்டடி:
பல் கதை உண்மையே. அகநானூறு 211, மாமூலனார் பாடியது. யானை வேட்டைக்கு வராமல் ஒதுங்கிய எழினியைப் பிடிக்கும்படி சினம் கொண்ட வேந்தன் ஏவ, மத்தி என்பவன் தொலைநாட்டில் அவனைப் பிடித்து, அவன் பல்லைப் பறித்து வெண்மணி வாயிலின் கதவில் பதித்தான் என்கிறது பாட்டு. ஆனால் அங்கே அவன் அடைமொழி 'கல்லா எழினி'. அவனுக்கும் அதியருக்கும் உறவு உண்டு என்று அந்தப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் தோற்ற எழுவரிலும் 'பொலம்பூண் எழினி' ஒருவன் இருக்கிறான் (அகநானூறு 36). இதை மாமனார் இன்னும் சொல்லவில்லை என்றால் நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

தருமபுரியான்:
தகடூரில் வீழ்ந்த எழினியை அரிசில்கிழார் பாடிய புறநானூறு 230-ஐ மாமனாரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கன்றோடு பசுக்கள் காட்டிலேயே தங்கலாம், வெயிலில் நடந்து களைத்த வழிப்போக்கர் விரும்பிய இடத்தில் தங்கலாம், களத்து நெற்குவியலுக்குக் காவல் வேண்டாம் என்று அவன் நாட்டைச் சொல்லிவிட்டு, பசித்த உழவன் விதைநெல்லைத் தின்றதுபோல இவனைத் தின்றுவிட்டாயே என்று கூற்றுவனைத் திட்டுகிறார் புலவர். அரிசில்கிழார் யார் என்பது தமிழாசிரியருக்குத் தெரியாமல் இராது: தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தில் பாடியவர். வென்றவனைப் பாடிய வாயே தோற்றவனுக்காக அழுதது என்றால் அந்தப் பெயர் இழுக்கானதா? செத்தவன் பெயர் ஆகாது என்றால் மூவேந்தர் சூழ்ந்து நின்று வீழ்த்திய பாரியின் பெயரையும் நாம் வைக்கக் கூடாது.

பழையசோறு:
என் பங்குக்கு 102-ஆம் பாட்டு. பாரம் ஏற்றிய வண்டியின் எருதுகள் இளையவை, பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ யாருக்குத் தெரியும் என்று உப்பு வணிகர் அச்சுக்குக் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைப்பார்கள். பொகுட்டெழினியை அந்தச் 'சேம அச்சு' என்கிறார் ஔவையார். பேரனை இப்படிச் சொன்னால் எந்தத் தாத்தா மறுப்பார்? பெயரைப் பற்றிய ஐயம் அப்படியும் நீங்கவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். பிறப்புப் பதிவான நாளிலிருந்து 12 மாதங்கள் வரை கட்டணம் இல்லாமலும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் சான்றிதழில் பெயரைச் சேர்க்கலாம்.

மூன்றாம்பிறை:
என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு இசட்டும் எச்சும் போட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். எங்கள் ஊர் அலுவலகத்தில் வெறும் எல் போட்டு எலினி ஆக்கிவிட்டார்கள். திருத்த மூன்று முறை நடந்தோம்.

எழுத்தாணி:
ஆண்பால் ஐயமில்லாமல் விளங்க வேண்டுமானால் எழினியாதன் என்று வையுங்கள். புறநானூறு 396-இல் மாங்குடி கிழார் பாடிய வாட்டாற்றுத் தலைவன் அவன். நான் குடிப்பெயர் என்று சொன்னதை முற்றாகக் கைவிடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

சேலத்தான்:
எழினியாதன் என்று பதிந்தாயிற்று, கூப்பிடுவது எழினி. 230-ஐ மாமனாரே விழாவில் படித்தார், விதைநெல் அடியில் குரல் கம்மிவிட்டது. அழைப்பிதழில் அச்சகத்தார் யாழினி என்று போட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் நன்றி.