பைத்தான்ல பேர் ஒரு மாதிரி முடியற ஃபைலை மட்டும் எப்படி அழிக்கறது?

கடலூர்_ஆல்பம்:
வணக்கம், திருப்பாப்புலியூர்ல ஒரு ஸ்டூடியோல ஆல்பம் டிசைன் பண்றேன், பைத்தான் இப்பதான் ரெண்டு மாசமா கத்துக்கறேன். ஒரு கல்யாணத்துக்கு 3000 போட்டோ வந்துடும், பார்ட்டிக்கு செலக்‌ஷனுக்கு அனுப்ப ஒவ்வொண்ணுக்கும் சின்ன சைஸ்ல காப்பி போட்டு வைப்போம், அதோட பேரெல்லாம் ‘_புரூஃப்’னு முடியும், டெலிவரி ஆனதும் அந்தக் காப்பி மட்டும் போகணும் ஒரிஜினல்ல ஒண்ணுகூட கை வைக்கக் கூடாது. ஓஎஸ் டாட் ரிமூவ் உள்ள ஸ்டார் போட்டு குடுத்தேன், அப்படி ஃபைலே இல்லன்னு எர்ரர் வருது, ஃபோல்டர்ல கண்ணு முன்னாடியே கிடக்கு. லேப்டாப் உபுண்டு. என்ன தப்பு பண்றேன்?

வில்லியனூர்_கோடர்:
ரிமூவுக்கு ஸ்டார்னா என்னன்னே தெரியாது தம்பி. டெர்மினல்ல ஆர்எம்னு அழிக்கற கமாண்ட் போடறப்ப ஸ்டாரை விரிச்சு பேர் பேரா குடுக்கறது ஷெல்தான், அதாவது நாம டைப் பண்ற கமாண்டைப் படிச்சு ஓட்டற புரோகிராம், பைத்தான்ல நடுவுல ஷெல் இல்ல, அதனால ஸ்டாரையும் சேத்து அதுதான் ஃபைல் பேர்னு தேடுது. உங்களுக்கு வேண்டியது குளோப், ஸ்டார் போட்ட பேட்டர்னுக்குப் பொருந்தற ஃபைலையெல்லாம் தேடிக் குடுக்கும். பைத்தானோட வர்ற பாத்லிப்ங்கற மாட்யூல்ல பாத் எடுத்து, அதுல டாட் குளோப் உள்ள ‘*_புரூஃப்.ஜேபிஜி’ குடுங்க, ஃபார் லூப்ல ஒவ்வொண்ணையும் அன்லிங்க் பண்ணுங்க, அதுவும் ரிமூவ் மாதிரி அழிக்கறதுதான், உள் ஃபோல்டர்லயும் தேடணும்னா ஆர்குளோப். ஆனா முதல் தடவை அன்லிங்க் இருக்கற இடத்துல பிரிண்ட் போட்டு ஓட்டுங்க, லிஸ்ட்டைப் பாருங்க, எண்ணிக்கை சரியான்னு பாருங்க.

லாஸ்பேட்டை_கணக்கு:
அந்த பிரிண்ட் விஷயத்தை தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. நான் ஒரு ஆபீஸ்ல பில் பிடிஎஃப் பாக்கறேன், டெஸ்ட்டுக்கு போட்ட பில் ஒண்ணாம் நம்பரை அழிக்க ‘பில்_1*’னு எழுதிட்டேன், ஸ்டார்னா எத்தனை எழுத்து வேணா வரலாம் இல்லையா, 10லேர்ந்து 19 வரைக்கும், 100லேர்ந்து 199 வரைக்கும் எல்லாம் போயிடுச்சு. டிராஷ்ல போய் தேடினா காலி, ரிமூவோ அன்லிங்கோ டிராஷுக்கு அனுப்பாது, நேரா அழிச்சிடும். ரெண்டு நாள் உக்காந்து ஒவ்வொரு பில்லா திரும்ப பிரிண்ட் எடுத்தோம். அதுலேர்ந்து நான் சென்ட்டுட்ராஷ்னு ஒரு லைப்ரரி இருக்கு, பிப்ல போட்டுக்கலாம், அதைத்தான் யூஸ் பண்றேன், தப்பா போனாலும் டிராஷ்லேர்ந்து எடுத்துடலாம்.

கடலூர்_ஆல்பம்:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. பிரிண்ட் போட்டு ஓட்டினேன், 3120 வரணும், 1846தான் வருது, மீதி எங்க போச்சுன்னு புரியல?

வில்லியனூர்_கோடர்:
ரெண்டு கேமராவா? ஒண்ணு கடைசில பெரிய எழுத்துல ஜேபிஜி போடும், இன்னொண்ணு சின்ன எழுத்துல போடும். விண்டோஸ்ல ரெண்டும் ஒண்ணுதான், லினக்ஸ்ல வேற வேற. பைத்தான் 3.12 இருந்தா குளோப்லயே கேஸ் சென்சிட்டிவ் ஃபால்ஸ்னு, அதாவது பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காதேன்னு குடுக்கலாம், பழசுன்னா ‘*_புரூஃப்.*’னு எடுத்துட்டு சஃபிக்ஸை, அதான் புள்ளியோட வர்ற கடைசி ஜேபிஜியை, லோயர்னு சின்ன எழுத்தாக்கி இஃப் போட்டு பாத்துக்குங்க. இன்னொண்ணு, பேட்டர்ன்ல ஃபோல்டர் பேரையும் சேத்து எழுதறீங்கன்னா அதுல சதுர அடைப்பு இருக்கான்னு பாருங்க, குளோப் அதை ‘இதுல ஏதாவது ஒரு எழுத்து’ன்னு எடுத்துக்கும், அதை வெறும் எழுத்தாவே எடுத்துக்க வைக்க குளோப் டாட் எஸ்கேப் இருக்கு.

கடலூர்_ஆல்பம்:
ஆமாண்ணே, ரிசப்ஷனுக்கு வேற கேமரா. சஃபிக்ஸ் பாத்து போட்டேன், 3120 சரியா வந்துச்சு, லிஸ்ட்டை மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்துட்டு சென்ட்டுட்ராஷ் வச்சு அனுப்பிட்டேன். ஒரிஜினல் எல்லாம் அப்படியே இருக்கு.